மிட்டாய் பாட்டிலில் ஒற்றை மீன்

போன வாரம் நம் விடுதிப் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுவில் அந்தப் பழைய புகைப்படத்தை ஒருத்தி போட்டிருந்தாள். எட்டாம் வகுப்பில் விடுதி வாசலில் எடுத்தது. முன்வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பவர்களில் இடது ஓரத்தில் ஒரு பிள்ளை வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருக்கிறாள். இது யார் என்று இன்னொருத்தி கேட்டாள். ஐந்து நிமிஷத்தில் பதில் வந்துவிட்டது. "அவதான்ட்டி, மீன்திருடி." அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். கடைசிப் பொம்மை நான் போட்டது.

கை தானாகப் போய்ப் போட்டுவிட்டது. அன்றைக்கு மத்தியானம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நமக்கெல்லாம் அறுபது தாண்டிவிட்டது. சர்க்கரை, முழங்கால் வலி, மருமகள் என்று பேச ஆயிரம் இருக்கிறது. ஆனாலும் அவளுடைய பெயர் மறந்துவிட்ட பிறகும் திருடி என்பது மட்டும் நமக்கு மறக்கவில்லை. அவள் திருடவில்லை. அது எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பதைத்தான் எழுதப்போகிறேன். குழுவில் போட்டால் நீளம் என்று பாதியில் விட்டுவிடுவீர்கள், அதனால் இப்படி. படித்து முடித்துவிட்டு என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள்.

அவள் என் பக்கத்துப் பாய்க்காரி. பாளையங்கோட்டையில் நாம் இருந்த விடுதியில் கட்டில் எல்லாம் கிடையாது, நீளமான ஒரு கூடம்தான். சுவரில் கரியால் எண் எழுதியிருக்கும். வருஷ ஆரம்பத்தில் வார்டன் அம்மா எந்த எண்ணைக் காட்டுகிறார்களோ அந்த எண்ணுக்கு நேரே பாயை விரிக்க வேண்டும். என் எண்ணுக்கு அடுத்த எண் அவளுடையது. ஆழ்வார்குறிச்சியிலிருந்து வந்தவள். அப்பா இல்லை, அம்மா பீடி சுற்றிப் பிழைத்தாள். அவர்கள் சபை ஐயர், அதாவது குருவானவர், எழுதிக் கொடுத்த கடிதத்தின் பேரில் அவளுக்கு இலவச இடம் கிடைத்திருந்தது. இலவச இடத்துப் பிள்ளைகளைப் பற்றி ஒரு புகார் வந்தால் இடம் போய்விடும். இடம் போனால் படிப்பு போகும். பிறகு அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து பீடி இலை வெட்ட வேண்டியதுதான். இது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நான் வாத்தியார் வீட்டுப் பிள்ளை. அப்பா கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர். வார்டன் அம்மா புதிதாக வருகிறவர்களுக்கு என்னைக் காட்டி, வாத்தியார் பிள்ளை, பொய் பேசத் தெரியாது என்று சொல்வார்கள். எனக்கு அதில் பெருமை இருந்தது. பன்னிரண்டு பதின்மூன்று வயதில் வேறு என்ன பெருமை இருக்க முடியும்? தலைமுடிகூட எனக்குக் குட்டைதான்.

மீன் வந்தது ஐப்பசியில், மழை தொடங்கிய வாரத்தில். நம் அறிவியல் டீச்சரை நினைவிருக்கும். மூக்குக்கண்ணாடியைக் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். பள்ளிக்கூட லேப்பில் அவர்கள் ஒரு கண்ணாடித் தொட்டி வைத்து கப்பி மீன் வளர்த்தார்கள். ஆண் மீன் சுண்டுவிரலில் பாதிகூட இராது. ஆனால் வால் விசிறி மாதிரி விரிந்து மஞ்சளும் கறுப்பும் கத்தரிப்பூ நிறமுமாக இருக்கும். பெட்டை அதைவிட இரண்டு மடங்கு பெரிது, நிறமே கிடையாது, ஊறவைத்த அரிசி மாதிரி ஒரு சாம்பல். நாமெல்லாம் ஆண் மீனைத்தான் பார்ப்போம். பெட்டையை அவள் ஒருத்திதான் பார்த்தாள்.

தவளையின் இதயத்தை அவள்தான் வகுப்பில் நன்றாக வரைந்தாள். அதற்குப் பரிசாக டீச்சர் ஒரு பெட்டை மீனைக் கொடுத்தார்கள். அதற்கு முந்தின நாள்தான் அது குட்டி போட்டிருந்தது. மீன் முட்டைதான் போடும் என்று நினைத்திருந்த நமக்கு இந்த மீன் குட்டி போடும் என்பதே அன்றைக்குப் பெரிய செய்தி. குட்டிகளை எல்லாம் டீச்சர் வேறு தொட்டியில் விட்டுவிட்டு, வயிறு ஒட்டிப்போன தாயை மட்டும் கொடுத்தார்கள். இது பெற்று முடித்துவிட்டது, இனி தொந்தரவு இல்லாமல் இருக்கும் என்று வகுப்பு முழுவதும் கேட்கச் சொன்னார்கள். அந்த வார்த்தையை நான் மறக்கவே இல்லை, பின்னால் அதுதான் அவளுக்கு எதிராக நின்றது.

எதிர்ப் பெட்டிக்கடையில் கேட்டு ஒரு காலி மிட்டாய் பாட்டில் வாங்கினோம். எத்தனை தடவை கழுவினாலும் ஆரஞ்சு மிட்டாய் வாசனை போகவில்லை. கூடத்தில் வைக்க வார்டன் அம்மா சம்மதிக்கவில்லை, சாமான் அறை சன்னலில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். மழைக்காலத்தில் ஆற்றுத் தண்ணீர் குழாயில் செம்மண் நிறத்தில் வரும். அதை ஒரு வாளியில் பிடித்து ஒரு நாள் வைத்து, தெளிந்ததை மேலாக மொண்டு ஊற்றுவாள். துவைகல் பக்கத்தில் கிடந்த உடைந்த மண்பானையில் மழைத்தண்ணீர் நின்று கொசுப்புழு நெளியும். அதை விரலால் எடுத்து வந்து போடுவாள். எனக்கு உடம்பு கூசும். அவளுக்கு அதெல்லாம் இல்லை.

அந்த மீனை அவளோடு சேர்ந்து நானும் பார்க்கத் தொடங்கினேன். அதற்கு இமை கிடையாது. தூங்கும்போதும் கண் திறந்தேதான் இருக்கும், அடியில் போய் அசையாமல் நின்றால் தூங்குகிறது என்று அர்த்தம். நான் பாட்டிலைத் தட்டினால் ஒதுங்கிப்போகும். அவள் சன்னலுக்கு வந்து நின்றாலே மேலே வந்து கண்ணாடியில் வாயை வைத்து ஏங்கும். ஆள் தெரியுதுட்டி என்று சொல்லி அவள் சிரிப்பாள். எனக்குக் கொஞ்சம் எரிச்சலாக இருக்கும்.

கார்த்திகை பாதியில் மீனின் வயிறு மறுபடியும் உப்பியது. வால் பக்கம் அடிவயிற்றில் ஒரு கறுப்புப் புள்ளி பெரிதாகிக்கொண்டே வந்தது. தின்று கொழுத்துவிட்டது என்று நினைத்தோம். ஒருநாள் காலை, பள்ளிக்கூடத்துக்கு இன்னும் அரைமணி இருக்கையில், அவள் சாமான் அறையிலிருந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால் மீன் உடம்பை வளைத்து வளைத்து நடுங்குகிறது. பின்னால் ஏதோ ஒரு உருண்டை வந்து விழுந்தது. கடுகளவுதான் இருக்கும், அதில் இரண்டு கண். அடிவரை போய்ச் சுருண்டு கிடந்தது. பிறகு நிமிர்ந்து, யாரும் சொல்லிக்கொடுக்காமலே மேலே நீந்தி வந்தது. அதற்குள் அடுத்தது. நாங்கள் இரண்டு பேரும் மூச்சுவிட மறந்து நின்றோம்.

அப்போது தாய் திரும்பி, தான் பெற்ற ஒன்றை வாயைத் திறந்து விழுங்கிவிட்டது. நான் அலறிவிட்டேன். அவள் அலறவில்லை. சமையலறைக்கு ஓடிப்போய்த் தேயிலை வடிகட்டியை எடுத்து வந்து, பிறக்கப் பிறக்க ஒவ்வொன்றாகக் கோரி ஊறுகாய் பாட்டிலில் விட்டாள். ஒன்பது குட்டி தப்பின.

மறுநாள் குட்டிகள் தண்ணீரின் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு மிரண்டு நின்றன. கொஞ்சம் பாசி இருந்தால் ஒளிந்துகொள்ளும், தைரியம் வரும் என்று அவள் சொன்னாள். லேப்பில் இருந்தபோது பார்த்திருக்கிறாள். டீச்சர் வந்ததும் கேட்டு வாங்கலாம் என்றாள். டீச்சர் இரண்டு நாள் லீவு. எனக்குப் பொறுக்கவில்லை, நானும் ஏதாவது செய்தேன் என்று இருக்க வேண்டும் எனக்கு. மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்ததும் லேப்புக்குப் போனேன். கதவு வெறுமனே சாத்தியிருந்தது. தொட்டியில் கையை விட்டு ஒரு பிடி பாசி பிடுங்கிச் சாப்பாட்டு டப்பாவில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். வேறு எதையும் தொடவில்லை. வெளியே வரும்போது வராந்தாவின் அந்தக் கோடியில் அட்டெண்டர் தண்ணீர்க் குடம் இறக்கிக்கொண்டிருந்தார். என் முதுகைத்தான் பார்த்திருப்பார்.

பாசியைக் கண்டதும் அவள் முகம் மாறிவிட்டது. "கேக்காம ஏன்ட்டி எடுத்த? ரெண்டு நாள்ல டீச்சரே தந்திருப்பாவள்லா," என்றாள். ஆனாலும் அதைப் பிரித்துப் பாட்டிலில் விட்டாள். குட்டிகள் ஓடி உள்ளே புகுந்துகொண்டன.

இனி ஸ்தோத்திர வரிசைக்கு வருகிறேன். மாலை ஜெபத்தில் சின்னப் பிள்ளைகள் தொடங்கிப் பெரியவர்கள் வரை ஆளுக்கொரு ஸ்தோத்திரம் சத்தமாகச் சொல்ல வேண்டும் என்பது நம் விடுதி வழக்கம். மழைக்காக ஸ்தோத்திரம், ஊரிலிருந்து கடுதாசி வந்ததற்காக ஸ்தோத்திரம் என்று சொல்லிக்கொண்டே போவோம். பாதிப் பேருக்கு ஒன்றும் தோன்றாது, அரிசிச் சோற்றுக்காக ஸ்தோத்திரம் என்று முடித்துவிடுவோம். பாசி வந்து இரண்டு நாள் கழித்து, கிறிஸ்துமஸ் பாட்டுப் பழக்கம் முடிந்து நேரே ஜெபத்துக்கு உட்கார்ந்திருந்தோம். நாலாம் வகுப்புக் குட்டி ஒருத்தி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, மனதார, நல்ல கணீர்க் குரலில் சொன்னாள்: "ஆண்டவரே, மரியாள் மாதிரி புருஷன் இல்லாமலே ஒம்பது பிள்ள பெத்த எங்க மீனுக்காக ஸ்தோத்திரம்."

யார் முதலில் சிரித்தது என்று இப்போது தேட வேண்டாம். நாம் எல்லாரும்தான் சிரித்தோம். குனிந்த தலைகள் எல்லாம் குலுங்கின. சிரிப்பு அடங்கியபோது வார்டன் அம்மா கண்ணைத் திறந்து உட்கார்ந்திருந்தார்கள். முகம் வெளுத்திருந்தது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. எனக்கு டைபாய்டு வந்தபோது பதினோரு நாள் என் தலைமாட்டில் இருந்து கஞ்சி ஊற்றியவர்கள். கல்யாணம் செய்துகொள்ளாமல் நம்மையே பிள்ளைகளாக வைத்திருந்தவர்கள். ஆனால் மரியாள் என்ற நாமத்தை வைத்து விளையாடுவது அவர்களால் தாங்க முடியாத ஒன்று, அதுவும் கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரங்களில். பரிசுத்தமான காரியத்தைக் கேலி செய்ய அந்தச் சின்னப் பிள்ளைக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்று முடிவுகட்டிவிட்டார்கள். அது கேலி இல்லை, அந்தக் குட்டி உண்மையிலேயே நன்றி சொன்னாள் என்பது அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

இப்படிச் சொல்லிக்கொடுத்தது யார் என்று கேட்டார்கள். பக்கத்துப் பாய்க்காரி எழுந்தாள். ஆண் மீன் இல்லாமலே குட்டி போட்டது என்று தான்தான் எல்லாரிடமும் சொன்னதாகவும், மரியாளைப் பற்றிச் சொல்லவில்லை என்றும் சொன்னாள். ஆண் இல்லாமல் எப்படிப் போடும் என்று கேட்டார்கள். தெரியாது, ஆனால் போட்டது என்றாள்.

மறுநாள் வார்டன் அம்மா அறிவியல் டீச்சரிடம் போய்க் கேட்டார்கள். டீச்சர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, வாய்ப்பே இல்லை என்று சொன்னார்களாம். அந்த மீன் பெற்று முடித்த பிறகுதான் கொடுத்தேன், வகுப்புக்கே தெரியும். அது ஒரு மாசம்தான் சுமக்கும். கொடுத்து இரண்டு மாசம் ஆகப்போகிறது. தனியாக இருந்த மீன் இப்போது எப்படிக் குட்டி போடும்? லேப்பிலிருந்து ஆண் மீனையோ குட்டிகளையோ யாராவது எடுத்துப் போயிருக்க வேண்டும். அட்டெண்டரைக் கூப்பிட்டார்கள். அவர் இரட்டைச் சடை போட்ட ஒரு விடுதிப் பிள்ளை சாப்பாட்டு நேரத்தில் டப்பாவோடு போனதைப் பார்த்தேன் என்றார். முடி குட்டையோ நீளமோ, விடுதியில் நாம் எல்லாரும் இரட்டைச் சடைதான்.

டீச்சருக்குப் பாதி தெரிந்திருந்தது. மீதி எனக்கே போன வருஷம்தான் தெரிந்தது. பாளை மார்க்கெட் பக்கம் ஒரு வண்ணமீன் கடையில் மகள் வீட்டுத் தொட்டிக்கு மீன் வாங்கப் போயிருந்தேன். எத்தனை ஆண், எத்தனை பெட்டை வேண்டும் என்று தெரியாமல் நின்றேன். கடைக்காரர் சாதாரணமாகச் சொன்னார்: "பொட்டைய மட்டும் கொண்டுபோங்கக்கா, போதும். இங்கன ஆணோட கெடந்ததுதான? ஒருதரம் சேந்தாப் போதும், அந்த வித்த உள்ளயே பத்திரமா வச்சிருந்து ஆறேழு மாசம் வரைக்கும் குட்டி போட்டுக்கிட்டே இருக்கும்." அதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன். நாற்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் இந்த மனிதர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், ஆனால் அப்போது அவர் பிறந்தே இருக்க மாட்டார்.

வார்டன் அம்மா அவளைக் கூப்பிட்டு நாள் குறித்தார்கள். ஞாயிறு காலை ஆராதனைக்கு முன்னால் வந்து, எடுத்தேன், பொய் சொன்னேன் என்று ஒத்துக்கொண்டால் மன்னிப்பு. யாருக்கும் தெரியாமல் முடிந்துவிடும். இல்லையென்றால் அம்மாவுக்குத் தகவல் போகும், இலவச இடம் போகும். அன்று வியாழன்.

அந்த மூன்று நாள் இப்படித்தான் போனது. சாப்பாட்டு வரிசையில் அவளுக்குப் பின்னால் நிற்க யாரும் வரவில்லை. வெளியே நாமெல்லாம் மூங்கில் குச்சியில் வண்ணத்தாள் ஒட்டி நட்சத்திரம் செய்துகொண்டிருந்தோம். எந்தச் செருப்புச் சத்தம் கேட்டாலும் அட்டெண்டர் என்னை அடையாளம் காட்ட வருகிறாரோ என்று திரும்பிப் பார்ப்பேன். சாயந்திரம் துவைகல்லில் இரண்டு பேரும் பாவாடை அலசினோம். ஒத்துக்கொள் என்று அவளிடம் கெஞ்சினேன். ஒரு வார்த்தைதானே, சொல்லிவிட்டால் விட்டுவிடுவார்கள், பரீட்சை எழுதலாம் என்றேன்.

"நடக்காதத நடந்துச்சுன்னு எப்பிடிட்டி சொல்ல?" என்றாள். பாவாடையைப் பிழிந்துகொண்டே, "நீ பயப்படாத. லேப்புக்கு நீ போனத நான் சொல்ல மாட்டேன். ஒங்க அப்பா தோல உரிச்சிருவாவ," என்றாள்.

அப்போது நான் அவளிடம் என்ன சொன்னேன் தெரியுமா? தேங்க்ஸ் என்று சொன்னேன். ஒரு பிள்ளை தன் படிப்பை எனக்காகத் துவைகல்லில் வைத்துவிட்டு நிற்கிறாள், நான் தேங்க்ஸ் சொல்லிவிட்டு நீலம் போடப் போனேன்.

சனிக்கிழமை மத்தியானம் வார்டன் அம்மா எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார்கள். மேசைமேல் பைபிளும் சாவிக்கொத்தும் இருந்தன. லேப்புக்குப் போனாயா என்று அவளிடம் கேட்டார்கள். நான் போகவில்லை என்றாள். பிறகு யார் போனது என்று கேட்டார்கள். மூன்று தடவை கேட்டார்கள், மூன்று தடவையும் அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என் பக்கம் திரும்பினார்கள்.

"நீ பொய் பேசாத பிள்ளை. உன் வாயால் கேட்கிறேன். லேப்புக்குப் போனது இவள்தானே?"

வாயால்தான் கேட்டார்கள், ஆனால் எனக்கு வாய் வரவில்லை. தலையை ஆட்டினேன், ஆமாம் என்று.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். கணக்கில் எங்கே தப்பு வந்தது என்று தேடும்போது ஒரு பார்வை பார்ப்பாளே, அப்படிப் பார்த்தாள். பிறகு மறுபடியும் தரையைப் பார்த்துக்கொண்டாள். அப்போதும் சொல்லவில்லை.

அப்பா அடிப்பார் என்ற பயத்தில் செய்தேன் என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிவந்திருக்கிறேன். அது பாதி உண்மை. பொய் பேசாத பிள்ளை என்ற பட்டம் கையை விட்டுப் போய்விடக் கூடாது என்பது மீதி. அந்தப் பட்டத்துக்காகத்தான் பொய் சொன்னேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

ஞாயிறு காலை அவள் ஒத்துக்கொள்ளவில்லை. திங்கட்கிழமை அவளுடைய அம்மா வந்தாள். மெலிந்த, கறுத்த பெண், ஈரச் சேலை. மழையில் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வந்திருக்கிறாள். கிட்டே வந்தபோது புகையிலை நெடி அடித்தது. வாசலில் செருப்பை விட்டுவிட்டு, உட்காரச் சொல்லியும் உட்காராமல், வார்டன் அம்மா சொன்னதை எல்லாம் கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். பிள்ளையை இப்போதாவது ஒரு வார்த்தை ஒத்துக்கொள்ளச் சொல்லுங்கள், நான் இடத்தை எடுக்கவில்லை என்றார்கள் வார்டன் அம்மா. நாம் பத்துப் பேர் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம், உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம்.

அம்மா மகளைப் பார்த்து, "நீ எடுத்தியாட்டி?" என்று கேட்டாள்.

"இல்லம்மா."

"அப்ப வா," என்று சொல்லிவிட்டுத் தகரப் பெட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாள்.

அவ்வளவுதான். எட்டு வருஷம் படித்த படிப்பை அந்த அம்மா இரண்டு வார்த்தையில் முடித்துக்கொண்டு போனாள். அவள் தன் பிள்ளையை நம்பினாள். டீச்சரிடம் கேட்கவில்லை, அட்டெண்டரைக் கூப்பிடவில்லை. அன்றைக்கு அங்கே நின்ற பெரியவர்களில் படிக்காதவள் அவள் ஒருத்திதான், தப்பு செய்யாதவளும் அவள் ஒருத்திதான். மழை விடவில்லை. இரண்டு பேரும் கேட்டைத் தாண்டும்வரை நான் தூணுக்குப் பின்னால் நின்றேன்.

ஒன்பது குட்டிகளும் திருட்டுப்பொருள் என்று லேப்புக்குத் திரும்பிப் போயின. கிழட்டு மீன் வேண்டாம் என்று டீச்சர் சொல்லிவிட்டார்கள். வார்டன் அம்மா என்னைக் கூப்பிட்டு, அதை நீயே வைத்துக்கொள், உண்மை சொன்ன பிள்ளைக்கு இருக்கட்டும் என்றார்கள். பாட்டிலை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

அரைப்பரீட்சை முடிந்து, கிறிஸ்துமஸ் முடிந்து, தை பிறந்தது. என் பக்கத்து எண்ணுக்கு நேரே பாய் விரிக்க யாருக்கும் இடம் கொடுக்கவில்லை. கூட்டும்போது அந்த இடத்தையும் சேர்த்துத்தான் கூட்டுவேன். நமக்கெல்லாம் ஒரு பாடமாக இருக்கட்டும் என்று காலியாக விட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். மீன் எனக்குப் பழகவே இல்லை. நான் போய் நின்றால் அடியில் போய் நிற்கும். கொசுப்புழு எடுக்கக் கூசியதால் சோற்றுப் பருக்கையைப் போட்டேன், தண்ணீர் நாறியது. சாகட்டும் என்றுகூட நினைத்தேன். அது சாகவில்லை. ஞாயிறுதோறும் வார்டன் அம்மா சாப்பாட்டுக் கூடத்திலிருந்து வரும்போது, மீன் எப்படி இருக்கிறது என்று என்னிடம் கேட்பார்கள். நன்றாக இருக்கிறது என்பேன். அவர்கள் ஏதோ இன்னும் கேட்கப்போவதுபோல நிற்பார்கள், பிறகு போய்விடுவார்கள்.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோயில் ஆராதனை முடிந்து வந்து உடை மாற்றச் சாமான் அறைக்குப் போனேன். மீன் உடம்பை வளைத்து நடுங்கிக்கொண்டிருந்தது. நான் பார்க்கும்போதே உருண்டையாக ஒன்று விழுந்து, நிமிர்ந்து, மேலே வந்தது. பிறகு ஒன்று. பிறகு ஒன்று. ஏழு குட்டி.

நாலு மாசமாக அந்தப் பாட்டிலுக்குள் வேறு ஒரு மீனும் போகவில்லை. எனக்குத் தெரியும், நான்தான் அதைக் காவல் காத்தவள். அவள் சொன்னது அத்தனையும் கண் முன்னால் நீந்திக்கொண்டிருந்தது. வடிகட்டி சமையலறையில் ஆணியில் தொங்கியது. வார்டன் அம்மா தங்கள் அறையில்தான் இருந்தார்கள், கதவு திறந்திருந்தது, நடந்தால் இருபது எட்டு. குட்டிகளைக் கோரி ஒரு பாட்டிலில் விட்டு, அம்மா பாருங்கள் என்று மேசைமேல் வைத்தால் போதும். ஆனால் அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அப்படியென்றால் லேப்புக்குப் போனது யார்?

தாய் திரும்பி முதல் குட்டியை விழுங்கியது. நான் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாட்டிலில் பாசி இல்லை, ஒளிய இடம் இல்லை. ஒன்று கண்ணாடியோரமாக என் முகத்துக்கு நேரே வந்து நின்றது. சாப்பாட்டு மணி அடித்தபோது நாலு இருந்தன. போய்ச் சாப்பிட்டேன், ஞாயிறு என்பதால் கறிக்குழம்பு, மறுசோறும் வாங்கினேன். திரும்பி வந்து பார்த்தபோது ஒன்றுகூட இல்லை. மீன் வயிறு ஒட்டி, அடியில், கண்ணைத் திறந்தபடி நின்றது. எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆமாம், நிம்மதி, வேறு வார்த்தை போட்டு ஏமாற்ற விரும்பவில்லை.

பின்னால் சாவிக்கொத்துச் சத்தம் கேட்டது. வார்டன் அம்மா வந்து என் தோளுக்கு மேலாகப் பாட்டிலை எட்டிப் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் பார்த்தார்கள்.

"தனியாகத்தானே இருக்கிறது? மறுபடி குட்டி எதுவும் போட்டதா?" என்று கேட்டார்கள். கோபமோ மிரட்டலோ அந்தக் குரலில் இல்லை, கிட்டத்தட்டக் கெஞ்சுகிற மாதிரி இருந்தது. இத்தனை ஞாயிறும் அவர்கள் கேட்க வந்தது இதைத்தான். இது எனக்கு அன்றைக்குப் புரியவில்லை என்று எழுத ஆசைதான். புரிந்தது.

"இல்லம்மா," என்றேன்.

மறுவாரம் சுரண்டையிலிருந்து ஒரு புதுப் பிள்ளை வந்தாள். அதுவரை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்த என் பக்கத்து எண்ணை வார்டன் அம்மா காட்டினார்கள், அவள் பாயை விரித்தாள்.